கேள்வி நேரம்: 200 டிகிரி தாங்கும் ரிங் ஏன் காலை வாருகிறது?

கேள்வி: கோட்டிங் வேலைக்கு ஒரு சின்ன வேக்குவம் சேம்பர் வைத்திருக்கிறோம். கதவுக்குப் போட்டிருக்கும் வைட்டான் (ஃப்ளூரின் சேர்ந்த ரப்பர்) ஓ-ரிங் 200 டிகிரி தாங்கும் என்று கேட்டலாக்கில் இருக்கிறது. ஆனால் 150 டிகிரி வைத்தாலே அழுத்தம் 10⁻⁵ மில்லிபாருக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. டூப்ளிகேட் ரிங்கைத் தலையில் கட்டிவிட்டார்களா? எப்படிச் சோதிப்பது?

பதில்: கட்டியிருக்கவும் கூடும், அதை முதலில் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலைதான். வைட்டான் தண்ணீரைவிடச் சுமார் 1.8 மடங்கு கனம், நைட்ரைல் ரப்பர் 1.2, 1.3 அளவோடு நின்றுவிடும். அதே அளவில் ஒரு நைட்ரைல் ரிங் வாங்கி இரண்டையும் நல்ல தராசில் நிறுத்துப் பாருங்கள். நிறத்தை நம்பவே வேண்டாம், இரண்டுமே கறுப்பாக வரும். நான் ஒருமுறை அப்படி ஏமாந்து ஒரு வாரம் பாவம் பம்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எடை சரியாக இருந்தால் கேட்டலாக் பொய் சொல்லவில்லை. அந்த 200 டிகிரி, ரப்பர் கெட்டுப்போகாமல் இருக்குமா என்பதற்கான கணக்கு. அந்தச் சூட்டில் ரப்பர் சேம்பருக்குள் எதைக் கக்கும், எவ்வளவு கக்கும் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது, உங்கள் கேஜ் காட்டுவதோ பெரும்பாலும் அந்தக் கக்கலைத்தான்.

விண்கலப் பொருட்களுக்கென்று வந்த ஏஎஸ்டிஎம் ஈ595 சோதனையில் பொருளை வெற்றிடத்தில் 125 டிகிரியில் 24 மணி நேரம் வைப்பார்கள். எடை இழப்பு 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, எதிரே 25 டிகிரியில் இருக்கும் தகட்டில் படிவது 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதுதான் வழக்கமான வரம்பு. சரி, உங்கள் 10 கிராம் ரிங் அதில் விளிம்பில் தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 1 சதவீதம் என்றால் 100 மில்லிகிராம். அத்தனையும் நீராவி என்றால் சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு டம்ளர்கூட நிரம்பாது, ஆனால் 10⁻⁶ மில்லிபாரில் அதே ஆவி சுமார் 13 கோடி லிட்டர் இடம் பிடிக்கும், உங்கள் பம்ப் அத்தனையையும் இழுத்து வெளியே தள்ள வேண்டும்!

அதனால் புது ரிங்கை நேரே கதவில் மாட்டாதீர்கள். தனியாக ஒரு வேக்குவம் அவனில், எதனாலும் அழுத்தாமல் சும்மா கிடத்தி, 150 டிகிரியில் ஒரு ராத்திரி விடுங்கள். முன்னும் பின்னும் எடை பாருங்கள், எடை குறைவது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். எடுத்தபின் அலமாரியில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் காற்றிலிருக்கும் ஈரத்தை மறுபடி வாங்கிக்கொள்ளும்.

இது லீக்கா, கக்கலா என்று பிரிப்பதற்கு பம்ப் வால்வை மூடிவிட்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைக் குறியுங்கள். லீக் என்றால் நேர்கோடாக ஏறிக்கொண்டே போகும், கக்கல் என்றால் ஏறி ஏறி மெல்லப் படுத்துவிடும். அப்புறம் ஹீலியம். அதை மோப்பம் பிடிக்கும் லீக் டிடெக்டரைச் சேம்பரோடு இணைத்துவிட்டு, ஹீலியத்தை வெளியே அடித்த சில நொடிகளில் டிடெக்டர் துள்ளினால் ஓட்டை. சில நிமிடம் கழித்து மெதுவாக ஏறினால் ஹீலியம் ரப்பரின் உடம்பு வழியாகவே ஊடுருவி வருகிறது என்று அர்த்தம், அதற்காகப் போல்ட்டை இறுக்கி இறுக்கி ஃபிளேஞ்சை (ரிங் உட்காரும் உலோக விளிம்பை) கெடுத்தவர்கள் உண்டு.

கடைசியாக, ரிங் திரும்பி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். குக்கர் கேஸ்கட் நாளாக நாளாகத் தட்டையாகி ஆவியை விடுமே, அதே வியாதிதான். (ஃப்ரீசரில் வைத்து இறுக்குகிற வைத்தியம் இங்கே பலிக்காது.) 4 மி.மீ. தடிமன் துண்டை இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே 3 மி.மீ. ஸ்பேசர் வைத்து அழுத்தி, வேலை செய்யும் சூட்டில் 70 மணி நேரம் வையுங்கள். பிரித்து அரை மணி நேரம் ஆறவிட்டு அளந்தால் 3.8 மி.மீ. இருக்கிறதா? அழுத்திய 1 மி.மீட்டரில் 0.2 திரும்பவில்லை, அதாவது 20 சதவீதம், நல்ல ரிங். பாதிக்கு மேல் திரும்பவில்லை என்றால் நான் குப்பையில் போடுவேன்.

கேள்வி: சிலிக்கோன் ரிங்கும் 200 டிகிரி தாங்கும், விலையும் குறைவு. அதைப் போட்டால் என்ன?

பதில்: சூட்டை அருமையாகத் தாங்கும், வாயுவைத்தான் தடுக்காது. வைட்டானோடு ஒப்பிட்டால் சல்லடை என்றே சொல்லலாம், சாதாரண வேக்குவம் அவனுக்குச் சரி, உயர் வெற்றிடத்துக்கு வேண்டாம். 200 டிகிரிக்கு மேல் கட்டாயம் என்றால் பெர்ஃப்ளூரோ வகை ரப்பர் இருக்கிறது, கால்ரெஸ் மாதிரி, விலை கேட்டால் தலை சுற்றும். அதைவிடச் செப்பு கேஸ்கட் வைக்கும் கான்ஃப்ளாட் ஃபிளேஞ்சுக்கு மாறிவிடுவது உத்தமம், 450 டிகிரிவரை சுடலாம்.

கேள்வி: ரிங்கை அசிட்டோனில் துடைக்கலாமா?

பதில்: வைட்டானையா? ஐயோ, வேண்டாம். அசிட்டோனில் அது உப்பிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட, பஞ்சு உதிராத துணி போதும். கிரீஸும் பளபளப்புத் தெரியும் அளவுக்குத்தான், அதற்கு மேல் பூசினால் அதுவும் கக்கும். ஹீட்டர் கட்டுமீறி ரிங் கருகிப் பிசுபிசுத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், கருகிய வைட்டானில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கலாம்.