இறக்கத்தில் எதிர்ப்பக்கம் திரும்பும் டோசர்

ஐயாவுக்கு வணக்கம்.

என் அப்பா மஸ்கெலியாப் பக்கத் தோட்டங்களில் பழைய கேட்டர்பில்லர் டி7 டோசர் ஓட்டி றோட்டு வெட்டியவர். வரட்சியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் நீர் இறங்கி, மூழ்கிய பழைய நகரத்தின் கோயில் தெரியும்போதெல்லாம் அந்த நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அவர் சொன்னதில் இரண்டை மட்டும் எங்களால் நம்ப முடியவில்லை. பெரிய எஞ்சினை எழுப்ப அதன் பக்கத்திலேயே ஒரு சின்ன எஞ்சின் இருந்ததாம். இறக்கத்தில் இடது லீவரை இழுத்தால் மெசின் வலது பக்கம் திரும்புமாம். அப்பா இப்போது இல்லை. அதே மாதிரி மெசின் ஒன்று ஸ்டோருக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கிறது. தம்பி அதை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க ஆசைப்படுகிறான். அப்பா சொன்னது சரிதானா? அந்த மெசினில் கை வைக்கலாமா?

வாசகி, மஸ்கெலியா

அன்புள்ள தங்கைக்கு,

அப்பா சொன்ன இரண்டும் உண்மை. ஒரு சொல்கூட அவர் கூட்டிச் சொல்லவில்லை.

பழைய டி7-இன் டீசல் எஞ்சினுக்கு 4 சிலிண்டர், கொள்ளளவு 13.6 லீற்றர். டீசல் பற்றுவது அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில். இரும்பு குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூட்டைச் சிலிண்டர் சுவரே குடித்துவிடும். மேற்குச் சரிவில் மண் வெட்ட வசதியான மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. விடியற்காலைக் குளிர் கடுமையாக இருப்பதும் அப்போதுதான். அதற்காகவே அந்த இரண்டு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். பெரிய எஞ்சினைச் சுற்றிவிடுவது அதன் வேலையில் பாதிதான். இரண்டுக்கும் தண்ணீர் ஒன்று. சின்னதன் புகைக்குழாயும் பெரியதற்குக் காற்றுப் போகும் பாதை வழியாகவே போகும். அதனால் சின்னது ஓட ஓடப் பெரியது சூடாகும்.

பெற்றோலைத் திறந்து, சோக் போட்டு, கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கீழே அமுக்கிச் சுற்றக் கூடாது, மேல்நோக்கி இழுக்க வேண்டும். கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கைப்பிடி விரலை விட்டு நழுவிப் போகும், எலும்பு தப்பும். சின்ன எஞ்சின் சூடானதும் அதன் கிளச்சை விலக்கி, பினியனை, அதாவது அதன் சின்னப் பல்சக்கரத்தை, பெரிய எஞ்சினின் பிளைவீல் பல்லில் மாட்டி, கம்ப்ரஷன் லீவரை ஸ்டார்ட் பக்கம் வைத்துக் கிளச்சைக் கொடுக்க வேண்டும். பெரியது அழுத்தமில்லாமல் சும்மா சுற்றும். ஒயில் அழுத்தம் ஏறிச் சில நிமிடம் போனபிறகே கம்ப்ரஷனைத் திருப்பி டீசலைத் திறப்பது. பெரியது பற்றியதும் பினியன் தானே விலக வேண்டும். விலகாவிட்டால் பெரியது சின்னதை அதன் தாங்குசக்திக்கு மேல் சுழற்றி உடைத்துவிடும். அதனால் கையைக் கிளச்சில் இருந்து எடுக்கவே கூடாது. கடைசியில் சின்னதை நிறுத்துவது பெற்றோல் குழாயை மூடி, காபரேட்டர் காயும்வரை ஓடவிட்டுத்தான். குழாயைத் திறந்து விட்டால் பெற்றோல் இரவெல்லாம் கசிந்து ஒயிலில் கலந்துவிடும்.

இனி லீவர் விஷயம். அப்பாவை நம்பாமல் போனீர்களே என்று எனக்கு வருத்தமாக இருப்பது இதில்தான், ஏனென்றால் மலையில் டோசர் ஓட்டியவர்கள் உயிரோடு வீடு வந்தது இதைத் தெரிந்ததால். டோசருக்குச் சில்லுக்குப் பதில் இரண்டு பக்கமும் இரும்புச் செயின். சமநிலத்தில் எஞ்சின்தான் இரண்டு செயினையும் இழுக்கிறது. இடது லீவரை இழுத்தால் இடது செயினுக்குப் போகும் இழுவை அறுகிறது, வலது செயின் தள்ள, மெசின் இடது பக்கம் திரும்புகிறது. இறக்கத்தில் கதை வேறு. மெசினை இழுப்பது அதன் சொந்தப் பாரம். எஞ்சின் பிடித்து நிறுத்துகிறது. அப்போது இடது லீவரை இழுத்தால் இடது செயினைப் பிடித்திருந்த பிடி விடுபடும். அது வலதைவிட வேகமாக உருளும். மெசின் வலது பக்கம் போகும். இடது பக்கம் போகவேண்டும் என்றால் லீவரோடு இடது பிரேக்கையும் அழுத்தமாக மிதிக்க வேண்டும், அல்லது வலது லீவரை இழுக்க வேண்டும்.

இதிலும் ஆபத்தான இடம் ஒன்று உண்டு. முன்னால் மண் தள்ளும் பிளேட் நிறைய மண்ணோடு இறக்கத்தில் தள்ளிக்கொண்டு போகும்போது மண்ணின் எதிர்ப்பால் எஞ்சின் மெசினை இழுத்துக்கொண்டே இருக்கும். லீவர் வழக்கம்போலத்தான் வேலை செய்யும். விளிம்பில் மண் சரிந்து விழுந்த கணமே எதிர்ப்பு போய், லீவர் தலைகீழாகிவிடும். பள்ளத்துக்கு மேல், அதுவும் புது மண்ணில். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கடைசி மண்ணை விளிம்புக்கு வெளியே தள்ளுவதில்லை. கொஞ்சம் உள்ளேயே விட்டு, அடுத்த தள்ளில் வரும் மண்ணால் அதைத் தள்ளுவார்கள். விளிம்பில் எப்போதும் ஒரு மண்வரம்பு நிற்கும். இறக்கத்தில் கியர் மாற்றவும் மாட்டார்கள். மெயின் கிளச்சை எடுத்தால் மெசின் உருள ஆரம்பிக்கும். உருளும் மெசினில் அந்தக் கியர் பல்லோடு பல் சேராது. பிறகு பிரேக்கும், கீழே போட்ட பிளேட்டும்தான் துணை. அந்தக் காலத்து டி7-இல் பெரும்பாலும் கேபிள் பிளேட். கேபிள் தூக்கத்தான் செய்யும், அமுக்காது. தன் பாரத்தில் எவ்வளவு பதியுமோ அவ்வளவுதான்.

றோட்டு வெட்டும்போது மேலிருந்து தொடங்கி, பள்ளப்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி வெட்டுவார்கள், மெசின் மலைப்பக்கம் சாய்ந்து நிற்கட்டும் என்று. தள்ளிய மண் இறுகும்வரை வெளிச்செயினை அதன்மேல் ஏற்றுவதில்லை. அந்த மண்ணுக்குள் மரக்கட்டை புதைந்தால் சில வருடத்தில் உக்கி, மேலே குழி விழும். கானும் அடைபட்டால் ஒரு பருவமழையில் வெளிவிளிம்பு பிளந்து இறங்கும்.

ஸ்டோருக்குப் பின்னால் கிடக்கும் மெசினுக்கு வருகிறேன். சின்ன எஞ்சினின் புகைக்குழாய் வாய் மேல்நோக்கியிருந்து, அதில் டின் கவிழ்க்காமல் விட்டிருந்தால் மழை உள்ளே போய் பிஸ்டன் இறுகியிருக்கும். பிளக்கைக் கழற்றி ஒயில் ஊற்றிச் சில நாள் விட்டு, கையால் மெதுவாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியதன் ஒயில் அடைப்பைக் கொஞ்சமாகத் தளர்த்தினால், தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். வந்தால் ஒயில் முழுவதையும் மாற்றாமல் சுற்றவே வேண்டாம். நனைந்து கிடந்த மெசினில் திருப்பும் கிளச் தட்டுகள் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். லீவரை இழுத்தாலும் செயின் விடாது. ஆகவே எஞ்சின் ஓடினாலும் அவற்றையும் பிரேக்கையும் பார்க்காமல் ஓரடிகூட நகர்த்தக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், டீசல் பம்பின் ராக், அதாவது எஞ்சினுக்குப் போகும் டீசலைக் கூட்டிக் குறைக்கும் பல்தண்டு. அது திறந்த நிலையில் இறுகியிருந்தால், பற்றிய எஞ்சின் கட்டுமீறி ஓடும். லீவரை மூடினாலும் நிற்காது. ராக் முன்னும் பின்னும் தடங்கலில்லாமல் நகர்வதைக் கண்ணால் பார்த்தபிறகே தொட வேண்டும். முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது, எஞ்சின் கட்டுமீறினால் காற்றை அடைத்து நிறுத்த, காற்றுக்குழாயின் வாயை மூடும் அளவுக்கு ஒரு தட்டையான பலகையோடு இன்னொருவர் பக்கத்தில் நிற்கட்டும். கையாலோ துணியாலோ அல்ல, பலகையால் மட்டும்.