அப்பா காலத்துச் சொந்தத்தை விட்டுப்போகாமல் வைத்திருக்க என்ன செய்யலாம்?

கேள்வி: நாகர்கோவில், தக்கலை பக்கம் சொந்தக்காரர்கள் நிறைய. அப்பா இருந்தவரை போக்குவரத்து இருந்தது. இப்போது போன் போட்டால் "சுகமா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பதில்: பாசம் குறைந்துபோய் அப்படி ஆவதில்லை. போன தடவை பேச்சு எங்கே நின்றது என்பது இரண்டு பேருக்குமே மறந்துவிடுகிறது, அவ்வளவுதான். அப்பாக்கள் அந்தக் கணக்கை மனசிலேயே வைத்திருந்தார்கள். நமக்கு நோட்டு வேண்டும்.

200 பக்க நோட்டு ஒன்றில் வீட்டுக்கு நாலு பக்கம் ஒதுக்குங்கள். பேசி முடித்த அன்றைக்கே தேதி போட்டு இரண்டு வரி, அதற்குமேல் வேண்டாம். "முட்டுவலி, எண்ணெய் மாற்றியிருக்கிறார். கடைசிப் பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள்." அடுத்த மாதம் "பெரியம்மா, அந்த எண்ணெய் இப்பம் கேக்கா?" என்று தொடங்கினால் பேச்சு தானாக ஓடும். ஒரு விஷயம் மட்டும் கேளுங்கள். வரிசையாகக் கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். சொத்துப் பாகம், கடன் எதையும் அதில் எழுதாதீர்கள். நோட்டு என்றைக்காவது வேறு கைக்குப் போகும்.

நினைவு நாளை ஆங்கிலத் தேதியோடு நிறுத்தாதீர்கள். திதி கொடுக்கும் வீடு என்றால் மாதம், பட்சம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி மூன்றும் வேண்டும்; அது வருசத்துக்கு வருசம் தேதி மாறும். சர்ச்சில் பூசை வைக்கும் வீட்டுக்குத் தேதி போதும்.

பழைய ஆதாரம் (சொத்துப் பத்திரம்), ஜாதகம், கல்லறை எழுத்தில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருசக் கணக்கு இருக்கும். இங்கேதான் பலர் ஒரு வருசம் தப்பு செய்கிறார்கள். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. அதனால் ஆங்கில வருசம் தெரிய, ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்டவேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. 1120 ஐப்பசி என்றால் 1944. அதே 1120 தை 1945. மலையாள மாதப் பெயர் இருந்தால் சிங்ஙம் ஆவணி, கர்க்கடகம் ஆடி.

பெரியவர்களிடம் "எந்த வருசம்?" என்று கேட்டுப் பயனில்லை. ரயில் வருவதற்கு முன்னா (1979), சுனாமிக்கு முன்னா (2004), ஓக்கிப் புயலுக்குப் பிறகா (2017) என்று கேளுங்கள். மாதம் தெரிய, கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைவிழா இவற்றுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள்.

பெரியவர்கள் நினைவைக் கிளற ஒரு பழைய போட்டோவைக் கையில் கொடுப்பதுபோல வேறெதுவும் உதவாது. ஆல்பத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள், ஒன்று போதும். ஆள் பெயரைவிட, பின்னால் தெரியும் ஓட்டு வீடு யாருடையது, அந்தச் சேலை எங்கே எடுத்தது என்று கேட்டால் அதிகம் வரும். சித்தப்பா ஒன்று சொல்வார், மாமி வேறு சொல்வார். திருத்தப் போகாமல், யார் சொன்னது என்று குறித்து இரண்டையும் எழுதுங்கள்.

படத்தின் பின்னால் பந்துமுனைப் பேனா கூடாது. அழுத்தம் முன்பக்கம் தெரியும். பழைய தாள் படத்தில் மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதலாம். வழுவழுப்பான கலர் படத்தில் பென்சில் பிடிக்காது, காகித உறைக்குள் போட்டு உறைமேல் எழுதுங்கள். நம்மூர் ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்த்தால் முகம் கண்ணாடியில் நின்றுவிடும். சட்டத்தோடு வைத்து, பல்பு வெளிச்சம் அடிக்காமல் சாய்வாக ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்ததைக் குடும்பக் குழுவில் கொட்டாதீர்கள், காலை வணக்கங்களுக்கு நடுவே காணாமல்போகும். படத்தில் இருப்பவரின் பிள்ளைக்குத் தனியாக அனுப்பி, "இடது ஓரத்தில் நிற்பது யார்னு அம்மைகிட்ட கேட்டுச் சொல்லு மக்கா" என்று போடுங்கள். பதில் வந்ததும் நோட்டில் ஏற்றிவிடுங்கள்.