மலையகத்தில் வளர்ந்த கணவன் மனைவி, சின்னப் பாய்ப்படகில் தீவு தீவாகப் போக முடியுமா?

பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருக்கும் மனைவிக்கும் கடல் பழக்கமே கிடையாது, நீச்சல் அரைகுறை. ஆனாலும் சேமிப்பை எடுத்து 30 அடி அளவில் ஒரு பழைய பாய்ப்படகு வாங்கி, மாலைதீவு, சீஷெல்ஸ் என்று ஒரு வருடம் இருவராகச் சுற்றிவர ஆசை. மலைக்காரர்களால் ஆகிற காரியமா, எவ்வளவு செலவாகும், எதில் தொடங்குவது என்பது கேள்வி.

ஆகும். ஆனால் படகு வாங்குவதைக் கடைசியில் வையுங்கள்.

நான் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து, பிறகு மலேசியாவில் லங்காவித் தீவில் ஒரு படகுப் பட்டறைக்கு டீசல் எஞ்சின் வேலைக்குப் போனவர். அங்கே சொந்தக்காரர் கைவிட்டுக் கிடந்த 31 அடி ஃபைபர் படகு ஒன்றைச் சம்பளத்தில் கழித்து வாங்கினார். அதில்தான் லங்காவி, தாய்லாந்தின் புக்கெட், அப்புறம் வங்காள விரிகுடாவைக் குறுக்காகத் தாண்டி நம்ம காலித் துறைமுகம், அங்கிருந்து மாலைதீவு என்று வாழ்ந்தோம். இப்போது ஹட்டனில் இருக்கிறோம். படகை விற்றாயிற்று.

கடல் தமிழருக்குப் புதுசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938ல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர்கள் பரம்பரைக் கடலோடிகள். நம்ம மலையக ஆட்கள் இந்தியாவிலிருந்து ஒருமுறை கடல் தாண்டி வந்து மலை ஏறியவர்கள், பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புத்தளையில் வானம் தெளிந்த நாளில் தூரத்தில் தெரிகிற தென்கடல்தான் பலருக்கும் தெரிந்த கடல்.

ஆனால் மலைக்காரருக்கு ஒரு விஷயம் பிறந்ததிலிருந்தே தெரியும்: காற்றின் நாட்காட்டி. ஹட்டன் பக்கம் ஜூன், ஜூலையில் விடாமல் கொட்டுகிறதே, அதே காற்று மழையை இந்தப் பக்கம் இறக்கிவிட்டு, மலையைத் தாண்டிக் காய்ந்த கச்சானாக உங்கள் பண்டாரவளையில் வீசுகிறது. ஊவாத் தேயிலைக்குப் பேர் வருவது அந்த மாதங்களில்தான். ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ளப் பக்கம் வெயிலும் குளிரும் சேர்ந்து நல்ல கொழுந்து வருகிறதே, அது வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்றின் காலம். இந்து சமுத்திரத்தில் பாய்ப்படகுகள் ஓடுவதும் இதே கணக்கில்தான். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை, வாடை முதுகில் தள்ள, தாய்லாந்திலிருந்து காலிக்கும் காலியிலிருந்து மாலைதீவுக்கும் படகுகள் மேற்கே போகும். மே மாதம் தென்மேற்கிலிருந்து வீசும் சோழகம் எழும்பிவிட்டால் அந்தப் பாதை நேர் எதிர்க்காற்று. எஞ்சினைப் போட்டு முட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்கவே வேண்டாம். சின்னப் படகு அலையில் குத்திக் குத்தி நின்ற இடத்திலேயே நிற்கும்.

அதனால் "ஒரு வருடம் சுற்றுவது" என்பது உண்மையில் மூன்று, நான்கு மாதம் ஓடுவது, மீதிக் காலம் எங்காவது ஒதுங்கி இருப்பது. ஒதுங்கும் இடத்தையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். தெற்கு இந்து சமுத்திரத்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிக் காலம். பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதியில் பூமியின் சுழற்சி விசை போதாததால் சூறாவளி உருவாவது அபூர்வம். மாலைதீவின் தெற்குத் தீவுகளும் சீஷெல்ஸின் பிரதான தீவுகளும் அந்தப் பட்டையில் இருப்பது நமக்கு வசதி.

இனி கேள்வியில் இல்லாத, ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம். படகில் இரண்டே பேர் என்றால் ராத்திரி யார் விழித்திருப்பது?

30 அடிப் படகு மணிக்குச் சராசரி ஐந்து கடல்மைல் ஓடும், ஒரு நாளைக்கு 120. புக்கெட்டிலிருந்து காலி சுமார் 1,100 கடல்மைல். ஒன்பது, பத்து நாள் இடையில் நிறுத்த இடமில்லை, நடுக்கடலில் நங்கூரம் போடவும் முடியாது. சுக்கானைப் பிடிக்கக் காற்றாடிக் கருவி இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும். ஆனால் கண் யாருடையது? தொடுவானில் விளக்கு தெரிகிற ஒரு கொள்கலன் கப்பல் பதினைந்து, இருபது நிமிடத்தில் உங்கள் மேல் வந்துவிடும். ஏஐஎஸ் கருவி கப்பல்களைத் திரையில் காட்டும், மீன்பிடிப் படகுகள் பல அதில் வராது. நாங்கள் மூன்று மணி நேரம் மாற்றி மாற்றிக் காவல் இருந்தோம். சமையலறை அலாரக் கடிகாரம் கால் மணிக்கு ஒருமுறை அடிக்கும், எழுந்து சுற்றிலும் பார்க்க வேண்டும். முதல் மூன்று இரவு நரகம். அதற்குப் பிறகு உடம்பு பழகிக்கொள்ளும், பகலில் கோழித்தூக்கம் போடக் கற்றுக்கொள்ளும்.

இதில் இன்னொன்று. அவர் எழும்போது நான் படுப்பேன், நான் எழும்போது அவர் படுப்பார். காதலித்துக்கொண்டு நட்சத்திரம் பார்ப்பதெல்லாம் யூடியூபில். ஃபேக்டரியில் அவருக்கு ராத்திரி வேலை இருந்த காலத்தில் நாங்கள் வாழ்ந்த வாழ்க்கை அப்படியே கடலில் திரும்ப வந்தது. அது ஏற்கனவே பழக்கம் என்பதால்தான் எங்களுக்கு ஓடியது என்று நினைக்கிறேன்.

பயம் இருக்க வேண்டிய இடம் அலை இல்லை. ஒருவர் தூங்கும்போது மற்றவர் சத்தமில்லாமல் கடலில் விழுவதுதான். ராத்திரி, பாய் விரித்த படகு, எழுந்து பார்க்கும்போது ஆள் இல்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது. கண்டுபிடித்தாலும், நனைந்த ஆளை ஒருவராகப் படகுக்கு மேல் இழுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைத் துறைமுகத்தில் நிற்கும்போதே செய்து பாருங்கள். அதனால் தூங்கப் போகும் முன்பே பாயைச் சுருக்கிவிடுவோம், வேகம் குறைந்தால் குறையட்டும். படகோடு நம்மைப் பிணைக்கும் இடுப்பு வாரை மாட்டாமல் யாரும் மேலே வரக்கூடாது. மற்றவரை எழுப்பாமல் முன்பக்கம் போகக்கூடாது. இதை மீறினால் எங்கள் வீட்டில் சண்டைதான், சமாதானம் கிடையாது.

இரண்டு பேரால் என்ன செய்ய முடியும் என்பதற்கு, புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் போதும். இந்தியக் கடற்படை அதிகாரிகளான இருவரும் 2024 அக்டோபரில் கோவாவில் புறப்பட்டு, தாரிணி என்ற 56 அடி பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். ஆனால் அதற்கு முன் எத்தனையோ வருடப் பயிற்சி. அந்தப் பகுதியை நாம் எல்லோரும் தாண்டிப் படிக்கிறோம்.

இலங்கையின் தென்கோடியான தெவுந்தர முனைக்குத் தெற்கே வந்தால் உலகத்தின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. மலாக்காவிலிருந்து சூயஸ் பக்கம் போகிற கப்பல் எல்லாம் அந்த வழியாகத்தான். அதற்கும் கரைக்கும் நடுவில் நம்ம நெடுநாள் மீன்பிடிப் படகுகள். வெள்ளைக்காரப் படகுகளை நெருங்கி வந்து சிகரெட் கேட்பார்கள், வெள்ளைக்காரர்கள் இவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று நினைத்துப் பயந்து நடுங்குவார்கள். எங்களிடமும் வந்தார்கள். நான் சிங்களத்தில் "மல்லி (தம்பி), எங்கட ஊர் ஹட்டன்" என்று கத்தியதும் ஒரு நிமிடம் பேச்சே இல்லை, பிறகு ஒரே சிரிப்பு. ஒரு சூரை மீனை எறிந்துவிட்டுப் போனார்கள்.

சாப்பாட்டில் தோட்டத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மாவு, தேங்காய், உப்பு இருந்தால் ரொட்டி. ஃபிரிட்ஜ் தேவையில்லை, ஆடுகிற அடுப்பில்கூடச் சுடலாம். பருப்பு, கருவாடு, மாசி (உலர்த்திய சூரை மீன்), தேயிலைத்தூள். சோற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தால் உப்பு தனியாக வேண்டாம். காலியில் படகு நின்றபோது வெலிமடையிலிருந்து கோவா (முட்டைக்கோஸ்), கேரட், பீட்ரூட் மூட்டையாக இறக்கினோம். மாலைதீவில் காய்கறி பெரும்பாலும் இறக்குமதி, விலை கண்ணைக் கட்டும். கோவாவை வெட்டாமல் வெளி இலையை மட்டும் தினமும் உரித்தெடுத்தால் வாரக்கணக்கில் நிற்கும். பாறைப் பக்கத்தில் பிடித்த பெரிய சீலா, களவா மீன்களைத் தொடாதீர்கள். பவளப்பாறைப் பாசியின் நஞ்சு பெரிய மீன்களில் சேர்ந்திருக்கலாம், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது.

தண்ணீர்தான் ஒழுங்கைக் கற்றுக்கொடுக்கும். குளிப்பது கடல்நீரில், கடைசியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர். லயத்துக் குழாயடியில் வரிசையில் நின்று வளர்ந்தவளுக்கு இது பெரிய கஷ்டமில்லை. வீட்டுக்காரர் புலம்பினார்.

மாலைதீவு மலைக்காரருக்கு விசித்திரமான நாடு. 1,200 மீட்டருக்கு மேலே வளர்ந்த நமக்கு, மிக உயர்ந்த இடமே சில மீட்டர்தான் இருக்கிற நாடு. பக்கத்தில் வரும்வரை தீவு தெரியாது, தென்னை முதலில் தெரியும். பவளப்பாறைகளுக்கு நடுவில் வழி பிடிக்க வரைபடத்தை மட்டும் நம்பக்கூடாது. காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்போது, ஒருவர் முன்னால் ஏறி நின்று தண்ணீரின் நிறத்தைப் படிக்க வேண்டும். கருநீலம் ஆழம், பச்சை கலந்த வெளிர்நீலம் மணல், பழுப்பு என்றால் உடனே நிறுத்து. நங்கூரமிடும் இடங்கள் பல ஆழமானவை. ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது சங்கிலி விட வேண்டும் என்பதால் நீளமான சங்கிலி அவசியம். கணவன் மனைவிகள் உலகம் முழுக்கச் சண்டை போடுவது நங்கூரம் இறக்கும்போதுதான். எஞ்சின் சத்தத்தில் ஒருவர் கத்துவது மற்றவருக்குக் கேட்காது, முகத்தைப் பார்த்துத் திட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வார். கைச்சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் குடும்பம் பிழைக்கும்.

உள்ளூர் மக்கள் வாழும் தீவில் உடை விஷயத்தில் கவனமாக இருங்கள். படகில் மதுபானம் இருந்தால் நுழையும்போதே அறிவித்துவிடுங்கள்.

செலவைப் பற்றிச் சுருக்கமாக. படகின் விலை செலவின் தொடக்கம்தான். வருடத்துக்கு அந்த விலையில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்குப் போகும் என்பது படகுக்காரர்களின் பொதுவான கணக்கு, பழைய படகுக்கு அதுவும் போதாது. உப்பு எதையும் விட்டுவைக்காது. ஒரு நாள் பம்ப், ஒரு நாள் மின்வயர், டீசலில் அழுக்கு வந்து ஃபில்டர் அடைப்பு. அழகான தீவுகளில் நாங்கள் அதிகம் பார்த்தது எஞ்சின் பெட்டியின் உள்பக்கம். பாய் விரிக்கத் தெரிவதைவிட ஸ்பேனர் பிடிக்கத் தெரிவது பெரிய சொத்து. உங்கள் இருவரில் யாருக்கும் அது தெரியாதென்றால், முதலில் ஏதாவது கராஜில் போய் டீசல் எஞ்சின் பழகுங்கள். துறைமுகங்களில் ஏஜென்ட் கட்டணம் தனி. காலியிலும் மாலைதீவிலும் ஏஜென்ட் இல்லாமல் வேலை நடக்காது.

பாஸ்போர்ட் விஷயம் உங்கள் பாதைக்குச் சாதகம். மாலைதீவு நம்ம நாட்டவருக்கு வந்திறங்கியதும் 30 நாள் விசா கொடுக்கும். சீஷெல்ஸுக்கு விசா கிடையாது, பயண அனுமதி மட்டும் முன்கூட்டி எடுக்க வேண்டும். பசிபிக், கரீபியன் கனவுகள் வேறு கதை. அங்கே பல தீவுகள் பிரெஞ்சு ஆட்சிப் பகுதி, நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா முதலிலேயே வேண்டும்.

எதில் தொடங்குவது? நுவரெலியா கிரகரி வாவியில் பெடல் போட்டு மிதிப்பது கணக்கில் வராது. நீச்சல் முதலில், இருவருக்கும், சாக்குப்போக்கு இல்லாமல். அப்புறம் கொழும்புக்குத் தெற்கே பொல்கொட ஏரியில் சின்னப் பாய்ப்படகு ஓட்டும் கழகம் இருக்கிறது. அங்கே கவிழ்ந்து கவிழ்ந்து காற்றைப் பழகுங்கள். அதற்குப் பிறகு ஜனவரி, பிப்ரவரியில் காலிக்குப் போங்கள். துறைமுகத்துக்குள் சும்மா விடமாட்டார்கள், ஆனால் அந்தச் சமயம் தாய்லாந்துப் பக்கமிருந்து வந்து நிற்கும் படகுக்காரர்கள் சாமான் வாங்க வெளியே வருவார்கள். காவலுக்கு ஆள் போதாமல் தவிக்கிறவர்கள் அவர்களில் உண்டு. சமைப்போம், ராத்திரிக் காவல் இருப்போம், சாப்பாட்டுச் செலவைப் பகிர்கிறோம் என்று இருவராகக் கேளுங்கள். ஆளைப் பற்றிச் சுற்றியிருக்கிற மற்றப் படகுக்காரர்களிடம் விசாரித்துவிட்டுத்தான் ஏறுங்கள், ஏறினால் இருவரும் சேர்ந்தே ஏறுங்கள். மாலைதீவின் வடக்கு நுழைவான உலிகமு அங்கிருந்து நானூற்றைம்பது கடல்மைல் அளவில், நான்கு நாள். அந்த நான்கு இரவில் உங்கள் கேள்விக்கு என்னைவிட நல்ல பதில் கிடைத்துவிடும். மாலேயிலிருந்து கொழும்புக்குத் திரும்பும் விமான டிக்கெட்டை மட்டும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடிவரவில் கேட்பார்கள், ஏற்றிக்கொள்கிற கேப்டனுக்கும் அது நிம்மதி.