கே.வி.யா, ஆர்மி ஸ்கூலா, தெருமுனை அரசுப் பள்ளியா? போஸ்டிங் வந்த குடும்பங்களின் கேள்விகளும் என் பதில்களும்

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் சுபேதாராக ஓய்வு பெற்றவர். அவரோடு ஊர் ஊராக அலைந்ததில் பிள்ளைகள் இரண்டு பேரும் ஆறு பள்ளி பார்த்தார்கள், நானும் மூன்று இடத்தில் ஆரம்ப வகுப்பு எடுத்தேன். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் மாற்றலாகி வருகிறவர்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்ததைச் சொல்கிறேன். கே.வி. என்றால் கேந்திரிய வித்யாலயா, மத்திய அரசுப் பள்ளி.

கேள்வி: அக்கா, ஜூலையில் ஜோத்பூரிலிருந்து வருகிறோம். மகள் கே.வி.யில் இரண்டாம் வகுப்பு. சென்னையில் எந்தப் பள்ளி நல்லது?

கே.வி.யிலேயே இருக்கிறாள் என்றால் ரொம்ப யோசிக்க வேண்டாம். கே.வி. டி.சி.யும் உங்கள் வீட்டுக்காரரின் மாற்றல் உத்தரவும் கையில் இருந்தால் இன்னொரு கே.வி.யில் சேர்ப்பதுதான் சுலபம், புத்தகமும் அதே என்.சி.இ.ஆர்.டி., ஏப்ரலில் தொடங்கிய பாடம் விட்ட இடத்திலிருந்து ஓடும். 1963இல் ராணுவத்தின் ரெஜிமென்ட் பள்ளிகள் இருபதை எடுத்துக்கொண்டு இந்த அமைப்பைத் தொடங்கியதே மாற்றலாகிப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காகத்தானே. மீனம்பாக்கம், தாம்பரம் விமானப்படைத் தளம், ஐலண்ட் கிரவுண்ட்ஸ் என்று கே.வி.கள் இருக்கின்றன. குவார்ட்டர்ஸ் எங்கே கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு முடிவு செய்யுங்கள். ஏழு வயசுப் பிள்ளை தினமும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய்ப் படிக்கும் அளவுக்கு எந்த இரண்டாம் வகுப்பிலும் விசேஷம் கிடையாது.

கேள்வி: ஆர்மி பப்ளிக் ஸ்கூல் கே.வி.யைவிட ஒரு படி மேல் என்கிறார்களே?

கட்டடம் பளபளப்பாக இருக்கலாம், பஸ் வசதி இருக்கலாம். ஆனால் அது அரசுப் பள்ளி இல்லை. ராணுவ நலக் கல்விச் சங்கம் 1983இலிருந்து நடத்துகிறது, கட்டணம் வாங்கும், தொகை அப்பாவின் ராணுவ ரேங்கைப் பொறுத்து மாறும். கே.வி.யில் எட்டாம் வகுப்புவரை படிப்புக் கட்டணமே கிடையாது. பள்ளி வளர்ச்சிக்கென்று வித்யாலய விகாஸ் நிதி மாதம் 500, மூன்றாம் வகுப்பிலிருந்து கணினிக்கு 100, அவ்வளவுதான். அரசு தரும் கல்விப் படியாக ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு, இரண்டு பிள்ளைகளுக்கு வருகிறது என்பதால் பலரும் கட்டணத்தைப் பார்ப்பதில்லை. மூன்றாவது பிள்ளை இருந்தால் பாருங்கள்.

கேள்வி: கணவர் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத ஃபீல்டு பகுதிக்குப் போகிறார். நான் மதுரையில் அம்மா வீட்டில் இருக்கப்போகிறேன். பையனை இரண்டு வருஷம் ஊர் அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா? தமிழ் வரவேண்டும் என்று ஆசை.

ஆசை நியாயமானது. கே.வி.யில் கீழ் வகுப்புகளில் தமிழ் ஒரு பாடமாக வராது, அரசுப் பள்ளியில் முதல் நாளிலிருந்து தமிழ்தான். ஒன்று முதல் ஐந்து வரை காலைச் சிற்றுண்டியும் உண்டு, தனியாகப் பிள்ளையைக் கிளப்பி அனுப்புகிற அம்மாவுக்கு அது சின்ன விஷயம் இல்லை. நான் சேர்ப்பேன். ஆனால் இரண்டு சிக்கலைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

முதல் சிக்கல் வயசு. இங்கே ஐந்து முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. கே.வி.யில் மார்ச் 31 அன்று ஆறு முடிந்திருக்க வேண்டும், மேல் வகுப்புகளுக்கும் வயசு வரம்பு உண்டு. சின்ன வயசில் சேர்த்துவிட்டுத் திரும்ப கே.வி.க்குப் போனால் ஒரு வகுப்பு கீழே உட்காரச் சொல்வார்கள். இரண்டாவது ஹிந்தி. அடுத்த போஸ்டிங் வடக்கே என்றால் வீட்டில் வைத்து எழுத்தாவது சொல்லிக்கொடுங்கள். பையன் இப்போது கே.வி.யில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: அப்பா ஆபரேஷன் பகுதிக்குப் போகும்போது குடும்பம் தங்கும் ஊரின் கே.வி.யில் அந்த டி.சி.யை வைத்தே இடம் கேட்கலாம்.

கேள்வி: பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை வைத்து ஒப்பிடுவது சரியா?

ஒன்றாம் வகுப்புக்கு அதனால் என்ன பிரயோஜனம்? இப்போது வகுப்பு எடுக்கிறவர் யார் என்று கேளுங்கள். நிரந்தர ஆசிரியரா, ஒப்பந்தத்தில் வந்தவரா, வருஷ நடுவில் எத்தனை பேர் மாறினார்கள் என்று கேளுங்கள். பெரிய பெயருள்ள ஒரு பள்ளியில் என் மகளுக்கு ஒரே வருஷத்தில் மூன்று டீச்சர், மூன்று பேரும் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் கழித்தலில் கடன் வாங்குவதை மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்லிக்கொடுத்ததில் அவள் கடைசியில் கணக்கு நோட்டையே ஒளித்துவைத்துவிட்டாள். அப்புறம், பள்ளிகளின் விவரம் உள்ள அரசின் யூடைஸ் தளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டால் மாணவர், ஆசிரியர் எண்ணிக்கை கிடைக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று. கணக்கில் சரியாக இருந்தாலும் நேரில் போய்ப் பாருங்கள், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் பத்து நிமிஷம் நின்று அங்கே நிற்கிற அம்மாக்களிடம் பேசினால் இணையத்தில் கிடைக்காதது கிடைக்கும்.

கேள்வி: கண்டோன்மென்ட் போர்டு (ராணுவக் குடியிருப்புப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பு) நடத்தும் பள்ளி எப்படி?

வாத்தியார் நன்றாக இருந்தால் தாராளமாக. பல அதிகாரிகள் வீட்டில் மூக்கைச் சுளிப்பார்கள், விடுங்கள்.

கேள்வி: பழைய பள்ளி டி.சி. தரத் தாமதம் செய்கிறது. இங்கே டி.சி. இல்லாமல் முடியாது என்கிறார்கள்.

எட்டாம் வகுப்புவரை டி.சி. வரத் தாமதம் என்ற காரணத்துக்காக அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்க மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. மரியாதையாக எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அநேகமாக அந்தக் கையெழுத்தைக் கேட்கும்போதே பெஞ்சில் இடம் வந்துவிடும்.