பால் பல் விழவில்லை, கால்சியம் கொடுத்தால் போதுமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. பால் பற்கள் பல இன்னும் விழவில்லை. எக்ஸ்ரேயில் தாடைக்குள் கூடுதல் பற்கள் தெரிகின்றன. உச்சிக்குழி முழுதாக மூடவில்லை. இரண்டு தோள்களையும் மார்புக்கு முன்னால் ஏறக்குறைய ஒட்டவைத்துவிடுகிறாள். 'ரன்எக்ஸ்2' மரபணுவில் கோளாறு என்று பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. கால்சியம் கொடுத்தால் சரியாகுமா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: கால்சியத்தால் இது சரியாகாது. இது 'கிளைடோகிரேனியல் டிஸ்பிளேசியா' என்ற பிறவி எலும்பு வளர்ச்சிக் குறைபாடு. கருவில் இளம் செல்களை எலும்பு செல்களாக மாற்றுவதே இந்த மரபணுவின் முக்கிய வேலை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வரும் இதன் இரண்டு பிரதிகளையும் நீக்கிய எலிக்குட்டிகளின் உடலில் குருத்தெலும்பு இருந்தது, எலும்பு உருவாகவே இல்லை. பிறந்தவுடன் மூச்சுவிட முடியாமல் இறந்தன. ஒரு பிரதி மட்டும் இல்லாதவை பிழைத்தன, ஆனால் காறை எலும்பு (மார்பின் மேற்பகுதியையும் தோளையும் இணைக்கும் எலும்பு) சரியாக வளரவில்லை, உச்சிக்குழியும் மூடவில்லை. 1997-இல் வெளியான ஆய்வுகள் இவை. உங்கள் மகளுக்கும் ஒரு பிரதியில்தான் பழுது. தோள்கள் அப்படி மடங்குவதற்குக் காரணம் காறை எலும்பின் குறைதான். அதற்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது.

கவனிக்க வேண்டியது தாடை. பல் வெளியே வர, அதன் மேலுள்ள எலும்பு கரைந்து வழிவிட வேண்டும். இந்தக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது மந்தமாக நடக்கிறது, போதாததற்குக் கூடுதல் பற்களும் குறுக்கே நிற்கின்றன. 'பால் பல்லைப் பிடுங்கினால் புதுப் பல் தானாக வந்துவிடும்' என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் வராது, உள்ள பல்லும் போய்விடும். கூடுதல் பற்களை எடுத்து, புதைந்த நிரந்தரப் பல்லைத் திறந்து, கம்பி கட்டி மெல்ல இழுக்க வேண்டும். சில வருடங்கள் பிடிக்கும். பல் சீரமைப்பு நிபுணரும் தாடை அறுவை நிபுணரும் சேர்ந்து திட்டமிடட்டும். 11 வயது அதற்குத் தோதான வயதுதான், தள்ளிப்போடாதீர்கள்.

காது கேட்கும் திறனையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல் இருந்தால் சொல்லுங்கள். உச்சிக்குழி பெரிதாக இருந்தால் தலையில் அடிபடக்கூடிய விளையாட்டுகளுக்குத் தலைக்கவசம் வேண்டும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதற்குத் தனியாக மருந்து கொடுக்கலாம். அறிவு வளர்ச்சியைப் பற்றிக் கவலையே வேண்டாம், அது பொதுவாக இயல்பாகவே இருக்கும்.

அடுத்த குழந்தை விஷயத்துக்கு, நீங்கள் இருவரும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஒருவருக்கு இருந்தால் 50 சதவீத வாய்ப்பு. இருவருக்கும் இல்லையென்றால் இது மகளிடம் புதிதாகத் தோன்றியது. மறுபடி வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் பின்னாளில் அவளுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த 50 சதவீதம் உண்டு.