நரியை விடுங்கள், மீன் தலையைப் புதைக்காதீர்கள்

தம்பி, ராத்திரி இரண்டு மணிக்குப் பின்தோட்டத்தில் யாரோ பெண்பிள்ளை அலறுகிற மாதிரிச் சத்தம், டார்ச் அடித்துப் பார்த்தால் நரி, கோவையிலிருந்து வந்து லண்டன் ஹாரோவில் வீடு எடுத்த கையோடு இப்படியா, இரண்டு வயசுப் பிள்ளையை வெளியே விடலாமா, கடித்தால் வெறிநோய் வருமா, நம் ஊர் நகராட்சி மாதிரியான கவுன்சில்காரர்கள் பிடித்துப் போவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கவுன்சிலுக்குக் கட்டுகிற கவுன்சில் டாக்ஸ், பள்ளிக்கூடம், கறிவேப்பிலைச் செடி என்று ஒரு பட்டியல். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஜனவரி 15 விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்பதை மட்டும் பிள்ளையைச் சேர்க்கிற வருஷம் மறந்துவிடாதீர்கள். டாக்ஸைக் கட்டித்தான் ஆகவேண்டும். நரிக்கு வருகிறேன்.

வெறிநோயை முதலில் மனசிலிருந்து எடுங்கள். பிரிட்டனில் அதை 1922-லேயே ஒழித்துவிட்டார்கள். வௌவால்களிடம் மட்டும் அதன் உறவுக்கார வைரஸ் ஒன்று இருக்கிறது, நாய், நரி எதிலும் கிடையாது. தெருநாய் கடித்தால் ஊசிக்கு ஓடிய ஊரில் வளர்ந்தவர்கள் நாம், அந்தப் பயம் விமானம் ஏறினாலும் கூடவே வரும். நரி கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி டாக்டரிடம் காட்ட வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் அது கடிக்க வருவது மிக அபூர்வம். ஆறேழு கிலோதான் இருக்கும், பக்கத்து வீட்டுப் பூனை சீறினால் ஒதுங்கிப் போகிற ஜன்மம். நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்று நம் பாட்டிமார் சொன்னது லண்டனுக்கு அப்படியே பொருந்தும்.

அந்த அலறல் ஒரு மாசத்தில் அடங்கிவிடும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இணை சேர்கிற காலம், ஜனவரியில்தான் உச்சம். நான் வந்ததும் ஒரு ஜனவரியில். ஈஸ்ட் ஹாமில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வீட்டில் அறை, மீட்டரில் காசு போட்டால்தான் ஹீட்டர், கும்பகோணத்திலிருந்து கொண்டு வந்த ஒரே ஸ்வெட்டர். முதல் வாரமே இந்தச் சத்தம். கூட இருந்த பெண் போலீசுக்குப் போன் போடக் கையில் எடுத்துவிட்டாள். அந்த அம்மா மாடிப்படியில் நின்றபடியே "அது நரி பிள்ளை, பயப்பிடாமல் படுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு இந்த ஊரில் எதுவுமே புதிசில்லை. பனியில் கால் வழுக்காமல் நடப்பது, எந்தப் பேருந்தில் ஏறினால் குறைந்த விலைக் கடைக்குப் போகலாம் என்பது எல்லாம் அவரிடம் கற்றதுதான். இப்போது கதவைத் திறந்ததுமே வாசனையை வைத்து ராத்திரி நரி வந்ததா என்று நானே சொல்லிவிடுவேன்.

சரி, எச்சரிக்கைக்கு வருவோம், எனக்கு அக்கறை அங்கேதான். நம் வீடுகளில் தாளிக்க ஆரம்பித்தால் புகை அலாரம் கத்தும், உடனே பின்கதவைத் திறந்து வைப்போம், அப்படியே மறந்து மாடிக்குப் போய்விடுவோம். கோடையில் கேட்கவே வேண்டாம். 2010-இல் ஹாக்னியில் ஒரு வீட்டுக்குள் நரி புகுந்து தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகளைக் கடித்தது, நாடே பேசியது. அப்படி நடப்பது அரிது, இருந்தாலும் பிள்ளை தூங்குகிற நேரத்தில் கீழ்க்கதவு திறந்து கிடக்கக் கூடாது. பகலில் பிள்ளை உங்கள் கண்பார்வையில் தோட்டத்தில் விளையாடட்டும். அதற்கு முன்னால் புல்லில் எச்சம் கிடக்கிறதா என்று ஒரு சுற்றுப் பாருங்கள், முனை கூராக முறுக்கிக்கொண்டு இருக்கும். அதில் வட்டப்புழு முட்டை இருக்கலாம், நாய் பூனை எச்சத்திலும் இருக்கும். அந்த முட்டை தொற்றுகிற பருவத்துக்கு வரச் சில வாரம் ஆகும் என்பதால் அன்றன்றைக்குக் கையுறை போட்டு அள்ளிக் குப்பையில் போட்டால் போதும். மணல்தொட்டி இருந்தால் மூடி போடுங்கள். விளையாடி வந்ததும் கை கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் நம் ஆட்கள் செய்கிற வேலை. நரி வருகிறது நரி வருகிறது என்று புலம்புகிற பாதி வீடுகளில் நரியை அழைப்பதே நாம்தான். மீன் கழுவிய தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றுவது, மீன் தலையையும் இறால் தோலையும் தக்காளிச் செடிக்கு அடியில் புதைப்பது. ஊரில் நல்ல உரம், இங்கே ராத்திரியோடு செடியும் போகும் உரமும் போகும். கடையில் வாங்கும் எலும்புத்தூள் உரமும் அதே கதைதான். என் தெருவில் ஒரு மாமி அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பார், நெய்யும் பருப்புமாக, காகம் சீண்டாது, மதிலேறி நரி தின்றுவிட்டுப் போகும், மாமிக்கு முன்னோர் ஏற்றுக்கொண்ட திருப்தி. அவரைக்கூட விட்டுவிடலாம். வீடு வாங்கிய சூட்டில் பிளாஸ்டிக் புல் போட்டு, வீடியோ எடுப்பதற்காக நரிக்குச் சிக்கன் கால் வீசி, அது அந்தப் புல்லிலேயே மூத்திரம் பெய்ததும் ஐயோ நாறுகிறதே என்று குழுவில் ஒப்பாரி வைக்கிறார்களே, அவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. குப்பைப் பையை ராத்திரியே வெளியில் வைக்காதீர்கள். உணவுக்கழிவு டப்பாவின் பூட்டைச் சரியாகப் போடுங்கள். செருப்பை வாசலில் கழற்றிப் போடுகிற பழக்கத்தையும் விடுங்கள், தோல் செருப்பு என்றால் நரிக்கு உயிர், அதிலும் ஒற்றைச் செருப்பைத்தான் தூக்கும்.

கவுன்சிலைக் கூப்பிட்டுப் பயனில்லை. லண்டனில் பெரும்பாலான கவுன்சில்கள் நரி பிடிக்கிற வேலையே செய்வதில்லை, நாம் கட்டுகிற டாக்ஸுக்கு எலிக்கே தனிக் காசு கேட்கிறார்கள். தனியாரைக் கூப்பிட்டால் கூண்டு வைத்துப் பிடித்துப் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள், காலியான இடத்துக்குச் சீக்கிரமே இன்னொரு நரி வரும். எனக்குத் தெரிந்த ஒருவர் நூற்றுக்கணக்கில் பவுண்டு கொடுத்து இந்தப் பாடத்தைப் படித்தார். விஷம் வைப்பது குற்றம், யார் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். ஏதாவது நடமாட்டம் தெரிந்தால் தண்ணீர் பீய்ச்சுகிற தெளிப்பான் கிடைக்கிறது, அது கொஞ்சம் உதவும்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள், ஷெட்டுக்கும் மரத்தளத்துக்கும் அடியில் மண் தோண்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மார்ச் வாக்கில் அங்கே குட்டி போட்டுவிட்டால் வளையின் வாயை அடைக்கக் கூடாது, உள்ளே குட்டியோடு அடைப்பது சட்டப்படியும் வம்பு. ஜூன், ஜூலையில் அவையே கிளம்பிவிடும், பிறகு தடித்த கம்பிவலையை மண்ணுக்குள் இறக்கி மூடலாம், கோழிவலை தாங்காது. வாடகை வீடு என்பதால் ஏஜென்ட்டுக்குப் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. முன்பிருந்த வீட்டைக் காலி செய்தபோது தோட்டத்தைத் தோண்டியது நான்தான் என்று சொல்லி என் டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார்கள்.