புற்றுக் காளானை எப்படி உறுதி செய்வது?

கேள்வி: ஐயா, மழை பெய்ததும் எங்கள் சோளக்காட்டு வரப்பில் உள்ள கரையான் புற்றைச் சுற்றிக் காளான் முளைக்கிறது. மாட்டுக் கொட்டகை அருகே புல்தரையிலும் அதே போன்ற வெள்ளைக் குடைகள் உள்ளன. மஞ்சள் போட்டு வேகவைத்து நிறம் மாறாவிட்டால் சாப்பிடலாம் என்கிறார் என் மாமனார். பயமாக இருக்கிறது. வியாபாரி ஒருவர் புற்றுக் காளான் விதைப்பை தருவதாகவும் சொல்கிறார். வாங்கலாமா?
– ஒரு விவசாயி, தாளவாடி

பதில்: மஞ்சள், வெள்ளிக்காசு, பூச்சி கடித்த தடம் ஆகிய எதுவும் காளானின் நஞ்சைக் காட்டாது. அமானிட்டா என்ற காளான் வகையில் சில இனங்களின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகே வாந்தி பேதி தொடங்கி, நடுவில் தேறியது போலத் தோன்றி, பின்னர் கல்லீரலைக் கெடுக்கும்.

இரண்டு இடத்திலும் முளைப்பது ஒரே காளான்தானா என்பதையே நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். அரிவாளால் அறுக்காமல், தண்டின் அடிவரை மண்ணைத் தோண்டிப் பாருங்கள். புற்றுக் காளானின் தண்டு வேர்போல நீண்டு கரையான் கூட்டுக்குள் இறங்கும். குடையின் நடுவில் கூரிய முனை இருக்கும். புல்தரைக் காளானில் வேர் இல்லாமல், தண்டில் வளையமும் குடைமேல் பழுப்புச் செதில்களும் இருந்தால், அது கடும் வாந்தி பேதி உண்டாக்கும் குளோரோபில்லம் என்ற நச்சுக் காளானாக இருக்கலாம்.

தோண்டிப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். ஸ்போர் பதிவு, அதாவது குடையிலிருந்து உதிரும் வித்துத் தூளின் நிறத்தைத் தாளில் பார்க்கும் சோதனை, எடுக்காமல் எந்தக் காட்டுக் காளானும் அடுப்படிக்குள் வரக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். விரிந்த குடையைத் தண்டு நீக்கி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் குடையின் அடியிலுள்ள மடிப்புகள் கீழே இருக்கும்படி வைத்து, கிண்ணத்தால் மூடி, இரவு முழுவதும் விடுங்கள். காலையில் புற்றுக் காளான் வெளிறிய இளஞ்சிவப்புத் தூளைப் படியவிட்டிருக்கும். குளோரோபில்லம் மங்கிய பச்சையையும், அமானிட்டா வெள்ளையையும் விடும். இளம் குளோரோபில்லத்தின் மடிப்புகள் வெண்மையாகவே இருப்பதால் கண்ணால் மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். இளஞ்சிவப்புத் தூள் விடும் நச்சுக் காளான்களும் உண்டு. ஆகவே புற்று, வேர், முனை, தூள் நான்கும் ஒத்துவராவிட்டால் எறிந்துவிடுங்கள். நான்கும் ஒத்துவந்தாலும், அதே காளானைப் பல ஆண்டுகளாகப் பறித்து உண்பவரிடமோ வேளாண் பல்கலைக்கழகப் பயிர் நோயியல் துறையிலோ காட்டிய பிறகே சமைக்க வேண்டும்.

அந்த விதைப்பையை வாங்காதீர்கள். புற்றுக் காளான், கரையான்கள் கூட்டுக்குள் வளர்க்கும் பூசணத்திலிருந்து வருவது. பையில் வைக்கோல் அடைத்து அதை விளைவிக்கலாம் என்று விற்பவர் உங்களை ஏமாற்றுகிறார். வருமானம் வேண்டுமானால் சிப்பிக் காளானோ பால்காளானோ வளருங்கள். அவற்றின் காளான் விதையை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். அந்தப் புற்றில் கரையான் மருந்து ஊற்றிவிடாதீர்கள். கரையான் அழிந்தால் காளானும் வராது.